அணைக்காதீர்கள் என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர்

1. சாக்கில் வந்த மெஷின்

கடை ஷட்டரை நான் முழுதாக ஏற்றுவதற்குள் அமலன் குனிந்து உள்ளே வந்துவிட்டான். தோளில் ஒரு அரிசிச் சாக்கு. பின்னாலேயே அவன் மனைவி ஸ்டெல்லா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மகள் ஜெனி. மூன்று பேர் முகத்திலும் தூக்கம் இல்லை. அந்தமானில் வடக்கே இருக்கும் லாங் ஐலண்டிலிருந்து முந்தின நாள் போட்டில் வந்து, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இரவைக் கழித்துவிட்டு, ஏழு மணியிலிருந்து என் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள்.

போர்ட் பிளேர் மின்னி பேயில் டிவி, டெக், டிவிடி ரிப்பேர் கடை வைத்து அப்போது எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். காலையில் விளக்கேற்றுவதற்கு முன்னால் ரிப்பேர் சாமானை யாராவது மேஜையில் வைத்தால் அன்று முழுக்கச் சிடுசிடுப்புத்தான்.

"கொஞ்சம் பொறுப்பா. கடையைத் திறக்க விடு" என்றேன்.

"பொறுக்க நேரமில்லண்ணே. ரெண்டு மணிக்கு ஹேடோ ஹார்பர்ல கேட் மூடிருவான். இன்னிக்குக் கப்பல்."

சாக்கைப் பிரித்தான். உள்ளே படுக்கை விரிப்பு, அதற்குள் நான் விற்ற டிவிடி ரெக்கார்டர். ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல். டிவியில் வருவதை உள்ளேயே பதிந்துவைக்கலாம், வேண்டுமானால் பிறகு டிவிடியில் ஏற்றலாம். அமலன் சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவன். அவன் கடலில் இருக்கும்போதுதான் நல்ல கிரிக்கெட் மேட்ச்சுகள் எல்லாம் நடக்கின்றன என்று புலம்பி, ஸ்டெல்லாவைப் பதிந்துவைக்கச் சொல்லி இதை வாங்கினான்.

"மேட்ச் பாக்காம மெயின்லாண்டுக்குப் போக முடியாதாக்கும்?" என்று குத்தலாகக் கேட்டேன். எனக்கு வாய் நீளம். அன்று அதற்காகப் பிறகு வருந்தினேன்.

ஸ்டெல்லா ஜெனியை வாசல் பக்கம் இருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "மேட்ச் இல்லண்ணே. பிள்ளைக்கு ஃபிட்ஸ் வர்றது இதுக்குள்ளதான் இருக்கு."

ஜெனிக்கு ஒன்றரை வருடமாக வலிப்பு. விடியற்காலை தூக்கம் கலையும் நேரத்தில் மட்டும் வருமாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் குழந்தை எழுந்து பிஸ்கட் கேட்கும். எடுத்த டெஸ்ட்டில் எல்லாம் ஒன்றுமில்லை என்றே வந்தது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் வலிப்பு அதிகமாகிக்கொண்டே வந்தது. முதல் தடவை மெயின்லாண்ட் போனபோது சென்னையில் பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார்: "நான் பார்க்காமல் எதையும் மாற்ற மாட்டேன். அடுத்த முறை வரும்போது அது வருவதைப் படம் பிடித்துக் கொண்டுவாருங்கள். எப்படி ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

செல்போனில் படம் பிடிப்பது எங்கள் பக்கம் அப்போது சாதாரணமாகவில்லை. அமலன் கோயில் ஃபாதரிடம் கெஞ்சி ஒரு ஹேண்டிகேமை இரவல் வாங்கி, பத்து நாள் விடியற்காலையில் கண் விழித்துக் காத்திருந்து மூன்று தடவை எடுத்திருக்கிறான். அதை ரெக்கார்டருக்குள் ஏற்றிவிட்டு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதே கேசட்டில் ஃபாதர் ஒரு ஞானஸ்நானத்தை எடுத்துவிட்டார். மூன்று படங்களும் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. டிவிடியில் ஏற்றலாம் என்று பார்த்தால் டிஸ்க் எரர் என்று துப்பியது. சரி, போர்ட் பிளேர் வந்து என்னிடம் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தபோது, இரண்டு நாளைக்கு முன்னால் பெட்டியில் உயிரே இல்லை.

"மெஷினையே கொண்டு போங்களேன். சென்னையில ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றேன்.

"கப்பல் போய்ச் சேர்ந்த மறுநா காலையில டாக்டர்ண்ணே. ஆறு மாசம் கழிச்சுக் குடுத்த நாள் அது. அங்க எவனைத் தெரியும் எனக்கு?"

அவன் சொன்னது சரிதான். தெரியாத கடைக்காரன் முதலில் செய்யும் வேலை ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் போடுவதுதான். நானே ஒரு தடவை, ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதே மாடல் வேறு பெட்டியில் மாட்டி, அவர் வீட்டு கிரகப்பிரவேசம் முழுவதையும் அழித்துவிட்டு அவர் வாயில் விழுந்திருக்கிறேன். இந்த வகைப் பெட்டிகளில் ஒரு ஹார்ட் டிஸ்க் தன் மெயின் போர்டோடு மட்டும்தான் பேசும். வேறு மெயின் போர்டில் மாட்டினால் அது முதலில் ஃபார்மேட் கேட்கும்.

"நீ சாமானை எடுத்துக்கிட்டு ஜெட்டிக்குப் போய் லைன்ல நில்லு. இவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கட்டும். ஒரு மணிக்குள்ள நான் கொண்டுவந்து விடுறேன்" என்று சொல்லி அமலனை அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

2. ஸ்டிக்கர் வந்த கதை

மூடியைக் கழற்றும்போதே அதன் நெற்றியில் என் ஸ்டிக்கர் இருந்தது. சிவப்பு எழுத்து: "சுவிட்சை அணைக்காதீர்கள். எப்போதும் ஸ்டாண்ட்பையில் வைக்கவும்." கீழே என் கடைப் பெயர்.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தீவில் வருடத்தில் பாதி மழை, மீதி ஈரம். பீரோவில் மடித்துவைத்த பட்டுப்புடவை ஒரு மாதத்தில் பூஞ்சை பூக்கும். அதனால் பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டு இரவும் பகலும் எரியவிடுவோம். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. ரெக்கார்டர்கள் வர ஆரம்பித்தபோது முதலில் எனக்கு வந்த கம்ப்ளெயிண்ட் எல்லாம் லென்ஸில் பூஞ்சைதான். பீரோவுக்கு வேலை செய்வது பெட்டிக்கும் வேலை செய்யும் என்று எனக்கு மூளை ஓடியது. சுவரில் அணைக்காமல் ரிமோட்டில் மட்டும் அணைத்து ஸ்டாண்ட்பையில் விட்டால் உள்ளே லேசான சூடு இருந்துகொண்டே இருக்கும், பூஞ்சை வராது. கம்பெனி புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. எந்த இன்ஜினியரையும் நான் கேட்கவில்லை. நேராக அச்சகத்துக்குப் போய் ஸ்டிக்கர் அடித்தேன். விற்ற ஒவ்வொன்றிலும் நானே ஒட்டினேன். "செல்வம் அண்ணன் சொல்லிட்டாரு" என்று நாற்பது வீடுகளில் ஒருவரைத் தவிர யாரும் பிளக்கைத் தொடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. அலமாரியில் மூன்று பெட்டிகள்

பவர் சப்ளை போர்டில் இரண்டு கெபாசிட்டர் தலை வீங்கி நின்றது. பழைய டிவி போர்டு ஒன்றிலிருந்து இரண்டைப் பிடுங்கி வைத்து சால்டர் செய்தேன். மின்சாரம் கொடுத்ததும் முகப்பில் விளக்கு வந்தது. ஸ்டெல்லா "மாதாவே" என்று கையெடுத்தாள். பத்து எண்ணுவதற்குள் டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. கெபாசிட்டரோடு ஸ்டாண்ட்பை ஐசியும் போயிருந்தது. அது என்னிடம் இல்லை. சென்னைக்கு எழுதினால் கப்பலில்தான் வரவேண்டும்.

"எதனாலண்ணே போச்சு?" என்று கேட்டாள்.

"வோல்டேஜ்தாம்மா. நம்ம தீவுக் கரண்ட்டு லட்சணம் உனக்குத் தெரியாதா?"

அப்போது அதை நான் நம்பித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழியை வோல்டேஜ் தலையில் போட்டுவிடலாம், எதிர்த்து யாரும் கேட்க மாட்டார்கள்.

அலமாரியில் அதே மாடல் மூன்று பெட்டிகள் பார்ட்ஸுக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தன. ஆன் ஆகவில்லை என்று வந்தவை. சீட்டு எழுதி ஒதுக்கிவைத்தேனே தவிர ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. பார்ட்ஸ் வராமல் திறந்து என்ன செய்வது என்ற சோம்பேறித்தனம். மூன்றில் ஒன்றிலாவது நல்ல பவர் சப்ளை போர்டு இருக்காதா என்று முதல் பெட்டியைத் திறந்தேன். அதே இரண்டு கெபாசிட்டர், அதே வீக்கம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஒன்று வெடித்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

வோல்டேஜ் அடித்தால் ஃபியூஸ் போகும், டையோடு போகும், ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொன்று போகும். நான்கு பெட்டிகளில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி போகாது. அந்த இரண்டு கெபாசிட்டரும் ஸ்டாண்ட்பை லைனில் இருப்பவை. பெட்டி தூங்கும்போதும் அவை தூங்காது. சூட்டிலேயே இருந்து இருந்து உள்ளே காய்ந்திருக்கின்றன. நான்கு மூடிகளையும் மேஜையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். நிமிர்த்திப் பார்த்தேன். நான்கிலும் என் ஸ்டிக்கர்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா ஏதோ ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்: "நீங்க சொன்ன மாதிரியேதான்ண்ணே வச்சிருந்தோம். ஒரு நா கூட அணைக்கல. இடி இடிக்கும்போது எங்க மாமியார் பிடுங்கப் போனாக. நான் சண்ட போட்டேன்ல? 'செல்வண்ணன் அணைக்கக் கூடாதுன்னு எழுதியே ஒட்டிருக்காரு'ன்னு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூடிகளைத் திரும்பக் கவிழ்த்து வைத்தேன்.

4. பேச்சைக் கேட்காதவர்

நல்ல போர்டு வேண்டுமென்றால் என் பேச்சைக் கேட்காத ஒரு ஆள் வேண்டும். என் வாடிக்கையாளர்களில் அப்படி ஒருவர்தான் இருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் தண்டபாணி சார். பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் சுவரில் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அவர் வீட்டில் என் ஸ்டிக்கர் மேல் அவர் பேரன் மீன் படம் ஒட்டியிருந்தான். அதற்காக நான் அவரை அவர் மனைவி முன்னாலேயே திட்டியிருக்கிறேன். "இப்படி அணைச்சு அணைச்சு வச்சா ஒரு வருஷம் தாங்காது சார். அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று.

ஸ்கூட்டரில் சாத்தம் ஜெட்டிக்குப் பறந்தேன். கண் முன்னால் ஃபெர்ரி கயிற்றை அவிழ்த்துக் கிளம்பியது. அடுத்தது வரும்வரை ஜெட்டியில் நின்ற நேரத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் அடித்தது. அமலன்.

"அண்ணே, உள்ள ஏத்த ஆரம்பிச்சிட்டான். ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"படம் தெரியுதா?"

"தெரியும். நீ லைன்ல நில்லு" என்று சொல்லிக் கட் செய்தேன். ஒரு காலையில் எத்தனை பொய்!

தண்டபாணி சார் லுங்கியோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பழைய மெயின்லாண்ட் பேப்பர்.

"சார், உங்க ரெக்கார்டரோட பவர் சப்ளை போர்டு அரை நாளைக்கு வேணும்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அரே செல்வம், ஒரு வருஷம் தாங்காதுன்னியே? ரெண்டு வருஷம் ஆச்சு, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடுது. இப்ப அதையே கேட்டு வர்றியா?"

"அப்புறம் திட்டுங்க சார். கப்பல் இருக்கு. சின்னப் பிள்ளை."

உடனே எழுந்துவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "சாயங்காலம் என் சீரியல் இருக்கு, சொல்லிருங்க" என்று குரல் கொடுத்தார். "இன்னிக்கு ஒரு நாள் அந்த மருமக அழுகாம இருக்கட்டும்" என்று சார் பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "போர்டு எதுக்குய்யா, பெட்டியையே தூக்கிட்டுப் போ. அவங்க டிஸ்க்கை இதுல மாட்டிரு" என்றார்.

"மாட்டினா அழிஞ்சிரும் சார்" என்று சொல்லிவிட்டு நான்கு திருகையும் கழற்றினேன். உள்ளே கெபாசிட்டர்களின் தலை தட்டையாக, அன்றைக்குத்தான் ஃபேக்டரியில் இருந்து வந்தது போல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. போர்டைப் பழைய பேப்பரில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

5. ஓகே, கேன்சல்

கடைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. ஜெனி பெஞ்சில் கவிழ்ந்து படுத்து என் பழைய ரிமோட்டுகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா நான் போனபோது நின்ற இடத்திலேயே நின்றாள்.

போர்டை மாட்டினேன். முகப்பில் விளக்கு வந்தது. எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. விளக்கு அணையாமல் நின்றது. டிவியில் நீலத் திரை வந்து, அதன் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று. கீழே இரண்டு கட்டம், ஓகே, கேன்சல். வெளிச்சம் ஓகே மேலேயே நின்றது.

ரிமோட் ஸ்டெல்லா கையில் இருந்தது. வீட்டில் இயக்கிப் பழகியவள் அவள்தான். எதைக் கேட்டாலும் ஓகே அமுக்கித்தான் பழக்கம். கட்டைவிரல் போய்விட்டது.

"கைய எடு!"

என் கத்தலில் ஜெனி அடுக்கிய ரிமோட்டுகள் கீழே விழுந்தன. ஸ்டெல்லா ரிமோட்டைச் சுட்டுவிட்டது போல மேஜையில் போட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால் அந்தத் திரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் கடற்கரை வீட்டுப் பெட்டி அது. ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றி பல்பின் அடியில் பிடித்துப் பார்த்தேன். முனையில் பச்சையாக உப்புக் களிம்பு. ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் ஒவ்வொரு ஊசியாகத் தேய்த்தேன். கேபிளை நாலைந்து தடவை மாட்டிக் கழற்றினேன். இந்த முறை ரிமோட்டை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பிளக்கைச் செருகினேன்.

நீலத் திரை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பட்டியல் வந்தது. ஆறு மேட்ச், இரண்டு படம், கடைசியில் பெயரில்லாத மூன்று பதிவு. மூன்றிலும் சின்னக் கட்டத்துக்குள் ஒரு கட்டில் தெரிந்தது.

"இருக்குண்ணே! இருக்கு!" என்று ஸ்டெல்லா என் தோளை உலுக்கினாள்.

டிவிடியில் எழுதும் டிரைவை நான் தொடவில்லை. உப்புப் படிந்த லென்ஸை நம்பி எழுத ஆரம்பித்தால் எங்கே கொண்டு விடும் என்று தெரியாது. பழைய கேசட்டுகளை சிடியாக மாற்றித் தருவதற்காகக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை ரெக்கார்டரிலிருந்து அதில் செருகி, இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினேன். இங்கே ஓடும், அங்கே பதியும்.

"மூணுல டாக்டருக்கு எது முக்கியம்?" என்று கேட்டேன்.

"மூணாவதுண்ணே. அதுலதான் ஆரம்பம் இருக்கு. மத்த ரெண்டும் பாதியிலதான் எடுத்தாரு."

மூன்றாவதை முதலில் ஓட்டினேன். ஸ்டெல்லா ஜெனியை வாசலுக்குத் திருப்பி உட்காரவைத்து, திரை தெரியாதபடி நடுவில் நின்றாள்.

குழந்தை தூங்குகிறாள். கண் திறக்கிறது, ஆனால் பார்வை இல்லை. வலது கையில் சுண்டுவிரல் மட்டும் முதலில் துடிக்கிறது. பிறகு கை. பிறகு வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. படத்துக்குள் ஸ்டெல்லாவின் குரல்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." டாக்டர் எண்ணச் சொல்லியிருக்கிறார், எவ்வளவு நேரம் என்று தெரிய. தடுமாறாத குரல். முப்பது, நாற்பது என்று போகிறது. கடைக்குள் நின்ற ஸ்டெல்லாவின் உதடும் கூடவே அசைந்தது. பெற்ற பிள்ளை துடிக்கும்போது தூக்காமல் எண்ணிக்கொண்டிருக்க எவ்வளவு மனசு வேண்டும்! அதை நான் அடித்த ஒரு சிவப்பு ஸ்டிக்கர் அழிக்கப் பார்த்திருக்கிறது.

மூன்றாவது முடிந்து முதலாவதைப் போட்டேன். பாதியில் ஃபேன் நின்றது. டிவி அணைந்தது. தெருவில் யாரோ "லைட் கயா!" என்று கத்தினார்கள். யூபிஎஸ் பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது. அதன் பேட்டரி பழசு. ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம்.

முதலாவதை அப்படியே நிறுத்தினேன். பென் டிரைவைச் செருகி, மூன்றாவதன் காப்பியைப் போட்டேன். திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. போன் அடித்தது. எடுக்கவில்லை. பீப் சத்தம் வேகமானது. ஸ்டெல்லா இப்போது சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள், எதை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கடைசிக் கட்டம் நிறைந்து அந்தச் சின்னத் திரை மறைந்தது. பென் டிரைவை உருவிய பிறகு நான் மூச்சுவிட்டேனோ இல்லையோ, கம்ப்யூட்டர் செத்துவிட்டது.

திறந்து சரிபார்க்க வழியில்லை. அதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

"ஏறியிருக்கும்னு நினைக்கிறேம்மா. ஓட்டிப் பாக்க முடியல."

"நீங்க சொன்னா ஏறியிருக்கும்ண்ணே" என்று சொல்லி, அதை ஜெபமாலை வைக்கும் சின்னத் துணிப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். ஸ்கூட்டரில் முன்னால் ஜெனியை நிற்கவைத்து, பின்னால் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு ஹேடோவுக்குப் போனேன். அமலன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரிடம் "தோ மினிட், சார், தோ மினிட்" என்று இரண்டு நிமிடத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் உள்ளே போன பிறகுதான் கேட் மூடியது.

6. கப்பல் போன பிறகு

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூன்றாவது பதிவு முழுசாக இருந்தது. பாதியில் நிறுத்தியது திறக்கவில்லை. பென் டிரைவில் எப்படி இருக்கிறதோ தெரியாது. அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். போன் போகாது. என்னிடம் நல்ல காப்பி இருக்கிறது, அவர்களிடம் இருப்பது நல்லதா என்று தெரியாது. இப்போதுபோல் ஒரு தட்டு தட்டி அனுப்பிவிடக்கூடிய நெட்டும் எங்களுக்கு இல்லை.

அந்த நான்கு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேஜையில் அந்தப் பெட்டி இருந்தது, மேலே என் ஸ்டிக்கரோடு. வேறு வேலை ஓடாமல் ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தேன். தண்டபாணி சார் வீட்டில் போர்டைத் திருப்பி மாட்டியதிலிருந்து தொடங்கினேன். அவரிடம், "நீங்க செஞ்சதுதான் சார் சரி" என்றேன். "இதை என் சம்சாரம் முன்னாடி வந்து சொல்லு. அன்னிக்கு அவ முன்னாடிதானே திட்டினே?" என்று உள்ளே இழுத்துப்போய்ச் சொல்லவைத்தார். மற்ற வீடுகளில் எனக்கு அந்த நேர்மை வரவில்லை. "புது முறை வந்திருக்கு, பார்த்து முடிச்சதும் பிளக்கை எடுத்திருங்க" என்று மட்டும் சொல்லி, பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு வந்தேன். என் தப்பு என்று எங்கும் சொல்லவில்லை. சுரண்டிய இடத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றது.

ஐந்தாம் நாள் அமலன் போன் செய்தான். "அண்ணே, டாக்டர் ரெண்டு தடவ போட்டுப் பாத்தாரு. அந்தச் சுண்டுவிரலை நிறுத்தி நிறுத்திப் பாத்தாரு. இத்தனை நா தின்ன மாத்திரை இந்த வகைக்கு ஒத்தே வராதாம். அதனாலதான் கூடிட்டே போயிருக்கு. மாத்திட்டாரு."

போனை வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், பாதி. அந்தப் படம் இல்லாமல் போயிருந்தால் குழந்தை இன்னும் ஆறு மாதம் அதே மாத்திரையைத் தின்றிருப்பாள் என்ற நினைப்பு மீதிப் பாதி.

7. மக்ரூன் டப்பா

ஒன்றரை மாதம் கழித்து வந்தார்கள். ஊருக்கும் போய்விட்டு வந்திருந்தார்கள். தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா என் மேஜையில் வைத்தாள் ஸ்டெல்லா. ஜெனி நேராகப் போய் ரிமோட்டுகளை எடுத்துக்கொண்டாள். கடைசியாக வலிப்பு வந்து மூன்று வாரம் ஆகிறதாம்.

பெட்டியைப் புது ஐசி, புது கெபாசிட்டர் போட்டு, லென்ஸும் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். ஊர் முழுக்க ஸ்டிக்கர் சுரண்டியவன் அதில் மட்டும் சுரண்டவில்லை. அவர்கள் எதிரில்தான் எடுக்க வேண்டும் என்று விட்டிருந்தேன்.

"இது வோல்டேஜால போகல" என்றேன். "இந்த ஸ்டிக்கராலதான் போச்சு. அணைக்காம வச்சதாலதான் போச்சு. நான் யாரையும் கேக்காம அடிச்ச ஸ்டிக்கர். உங்க மாமியார் சொன்னதுதான் சரி. அன்னைக்கு நடுவுலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாய் வரல."

அமலன் ஸ்டிக்கரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தெரிஞ்சுமாண்ணே வோல்டேஜ்னு விட்டுட்டீங்க?" என்றான். அவன் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மக்ரூன் டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று இருந்தது.

ஸ்டெல்லா தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரிண்ணே. இப்ப சொல்லுங்க. அணைக்கணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க. அதையே செய்யுறேன்."

முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ திரைகளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பயந்தது போல் எதற்கும் பயந்ததில்லை. இவ்வளவுக்குப் பிறகும் நான் சொல்வதைத்தான் செய்யப்போகிறாள்.

"அணைச்சிரும்மா" என்றேன். "பார்த்து முடிச்சதும் பிளக்கை எடுத்திரு. ஏன்னு காட்டுறேன், பாரு." மூடியைத் திறந்து, வீங்கிய பழைய கெபாசிட்டரையும் புதியதையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாள். "இதுவும் நான் ஒரே ஒரு வீட்டுல பாத்ததை வச்சுத்தான் சொல்றேன். ஆறு மாசம் கழிச்சுக் கொண்டுவா. உன் முன்னாலேயே திறக்குறேன். நான் சொன்னது சரியா தப்பான்னு நீயே பாத்துக்க."

ஆறு மாதம் கழித்து அதே அரிசிச் சாக்கில் கொண்டுவந்தாள். திறந்தேன். தலை தட்டையாகத்தான் இருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவளே விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ண்ணே, அடுத்த வருஷமும் கொண்டாறேன்" என்றாள்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வாடிக்கையாளர் கேட்க மாட்டார், சொன்னால் செய்ய மாட்டார் என்று கடைக்காரர்கள் எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம். நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது வீடு நான் சொன்னதை அப்படியே செய்தது. அந்த ஸ்டிக்கரை நான் வாடிக்கையாளர் பெட்டியில் ஒட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த ஸ்டிக்கர்களில் ஒன்றை மட்டும் என் மேஜையில், சால்டரிங் அயர்ன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். யாருக்காவது எதையாவது சொல்ல வாயெடுக்கும்போது அது கண்ணில் படும்.